முதிராத விதைகள்: வளர்ச்சி பிசகிய இனப்பெருக்கச் சுரப்பிகளில் கட்டி வரும் அபாயம்

ஒரு நாள் மாலை, தூரத்து உறவில் எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகளுக்கு 16 வயது முடிந்திருந்தது, இன்னும் பூப்பெய்தவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். "நம் வீட்டுப் பெண்கள் தாமதமாகத்தான் உட்காருவார்கள்" என்று பாட்டி ஆறுதல் சொன்னார். கடைசியில் ஒரு மருத்துவர் ஸ்கேனும் குரோமோசோம் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்: கருப்பை சிறிதாக இருக்கிறது, சினைப்பைகள் தென்படவில்லை, குரோமோசோம் 46 எக்ஸ்ஒய்.

"அக்கா, எக்ஸ்ஒய் என்றால் ஆண் என்கிறார்கள். வயிற்றுக்குள் இருப்பதை எடுக்காவிட்டால் கேன்சர் வரும் என்கிறார்கள். என் பிள்ளைக்கு என்னதான் ஆயிற்று?"

எனக்கு அழைப்பதற்கு முன்பே அவள் இணையத்தில் தேடியிருந்தாள். ஓரிடத்தில் நூற்றில் இரண்டு பேருக்குத்தான் கட்டி வரும் என்று இருந்தது. இன்னோரிடத்தில் பாதிப் பேருக்கு வரும் என்று இருந்தது. நாளைக்கே எடுத்துவிடுங்கள் என்றது ஒரு பக்கம். யார் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள் என்றது மற்றொரு பக்கம். அவற்றில் எதுவுமே முழுப் பொய் இல்லை. எல்லாமே வெவ்வேறு மனிதர்களைப் பற்றிய உண்மைகள். அவற்றை ஒரே மூட்டையில் கட்டி எல்லோர் தலையிலும் ஏற்றுவதுதான் தவறு. அந்த மூட்டையைப் பிரித்து வைக்கவே இந்தக் கட்டுரை. தங்கையின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரே நிலம், இரண்டு பயிர்

தாயின் வயிற்றில் ஐந்தாறு வாரமே ஆன கருவை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் உருவாகும் பகுதியை ஒட்டி இரண்டு சிறு மேடுகள் எழும்புகின்றன. இவைதாம் பின்னாளில் ஆணுக்கு விரைகளாகவோ பெண்ணுக்குச் சினைப்பைகளாகவோ ஆகப்போகின்றன. விரை, சினைப்பை இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர்தான் இனப்பெருக்கச் சுரப்பி. ஆறாவது வாரம் வரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் இது எதுவாக வளரும் என்று சொல்ல முடியாது. உழுது போட்ட நிலம்போல, நெல்லுக்கும் தயார், உளுந்துக்கும் தயார் என்று கிடக்கிறது.

ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற ஒரு மரபணு இருக்கிறது. 1990-இல் லண்டனில் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஏழாவது வாரத்தில் சிறிது காலம் மட்டும் இது விழித்துக்கொண்டு, "விரையாகு" என்று நிலத்துக்குக் கட்டளையிடுகிறது. அதற்குப் பிறகு வேறு பல மரபணுக்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கட்டளை வராத கருவில் சினைப்பையை வளர்க்கும் மரபணுக்கள் தம் வேலையைத் தொடங்குகின்றன.

இப்படி உருவான விரை இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று டெஸ்டோஸ்டிரோன், ஆண் உறுப்புகளை வளர்ப்பது. மற்றொன்று, கருப்பை உருவாகாமல் தடுப்பது. இந்த இரண்டாவது ஹார்மோனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை மகளின் ஸ்கேனில் கருப்பை இருந்ததற்கு இதில்தான் விடை இருக்கிறது.

விதைகள் வெளியிலிருந்து வருகின்றன

இந்த நிலத்தில் விதை கிடையாது. விதை வேறிடத்திலிருந்து வந்து சேர வேண்டும். முதன்முதலாக இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

கருவுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும்போது, அதை ஒட்டியிருக்கும் ஒரு சிறு பையின் சுவரில் சில செல்கள் தனியாக ஒதுங்கி நிற்கின்றன. இவற்றை ஆதி இனச்செல்கள் என்று அழைப்போம். பின்னாளில் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ ஆக வேண்டியவை இவைதாம். இவை மெல்ல ஊர்ந்து, குடல் உருவாகும் பாதை வழியாகப் பயணம் செய்து, அந்த இரண்டு மேடுகளுக்குள் குடியேறுகின்றன.

இந்தச் செல்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்ற செல்கள் "நான் தோல், நான் ஈரல்" என்று வேலையை ஏற்றுக்கொண்டுவிடும் காலத்தில் இவை எதுவாகவும் மாறக்கூடிய ஆற்றலை விடாமல் வைத்திருக்கின்றன. வேகமாகப் பெருகவும் செய்கின்றன. ஆக்ட்-4 என்ற புரதம் இந்த இளம் நிலைக்கு அடையாளம். சுரப்பிக்குள் வந்து சேர்ந்தபின் அந்த ஆற்றல் அடக்கப்பட வேண்டும். சினைப்பையில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு செல்வேலி எழும்புகிறது; உள்ளே அது பெருகுவதை நிறுத்திக் கருமுட்டையாகக் காத்திருக்கிறது. விரையில் செர்டோலி என்ற காவல் செல்கள் மெல்லிய குழாய்களை அமைத்து, அவற்றுக்குள் இனச்செல்களை உட்கார வைக்கின்றன. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: விதை முதிர்கிறது, ஆக்ட்-4 அணைகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். சுரப்பி என்பது வயல். ஆதி இனச்செல் என்பது வெளியிலிருந்து வந்த விதை. விதை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது வயல்.

வயல் பண்படாமல் போனால்

கட்டளை இடும் மரபணு பழுதாகலாம். கட்டளையை ஏற்று நடத்த வேண்டிய மரபணுக்களில் ஒன்று பழுதாகலாம். ஒரு குரோமோசோமே குறைந்து போகலாம். அப்போது அந்த மேடு விரையாகவும் முழுமை பெறாது, சினைப்பையாகவும் முழுமை பெறாது. இதைத்தான் சுரப்பி வளர்ச்சிப் பிசகு என்கிறோம். பிசகு முழுமையாகவும் இருக்கலாம், அரைகுறையாகவும் இருக்கலாம்.

முழுமையாகப் பிசகிய சுரப்பியை அறுவை மருத்துவர் கேமரா வழியாகப் பார்க்கும்போது, சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய, மெல்லிய நாடா ஒன்றுதான் தெரியும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். உருண்டை இல்லை, பளபளப்பு இல்லை. பழைய வேட்டியின் கரையிலிருந்து உருவிய நூல்பட்டைபோலக் கிடக்கும். இதற்குக் கோட்டுச் சுரப்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது ஹார்மோன் சுரப்பதில்லை. அதனால்தான் அந்தப் பெண் பூப்பெய்துவதில்லை.

கோட்டுச் சுரப்பி இரண்டு வகையான பெண்களிடம் முக்கியமாகக் காணப்படுகிறது.

முதல் வகை டர்னர் நோய்க்குறி. 1938-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் விவரித்தது. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் போவது இதன் காரணம். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. உயரம் குறைவாக இருப்பதும் பூப்பெய்தாமையும் வழக்கமான அறிகுறிகள்.

இரண்டாவது வகை ஸ்வையர் நோய்க்குறி. 1955-இல் ஜெரால்டு ஸ்வையர் விவரித்தார். சுமார் 80,000 பிறப்புகளில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். குரோமோசோம் 46 எக்ஸ்ஒய். ஆனால் விரையாகும் வேலை தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. விரை இல்லாததால் டெஸ்டோஸ்டிரோன் இல்லை. உடல் பெண்ணாகவே வளர்ந்தது. கருப்பையைத் தடுக்கும் ஹார்மோனும் இல்லை. அதனால் கருப்பை இருக்கிறது. என் தங்கை மகளுக்கு இருந்தது இதுதான்.

"எக்ஸ்ஒய் என்றால் ஆண்" என்று அவளிடம் சொன்னவர்கள் பள்ளிப் பாடத்தின் முதல் வரியோடு நின்றுவிட்டவர்கள். ஒய் குரோமோசோம் ஒரு கட்டளைச் சீட்டு. அது போய்ச் சேரவில்லை என்றால் அந்த உடலில் ஆண்தன்மை உருவாவதில்லை. அவள் பெண்ணாகப் பிறந்தாள், பெண்ணாக வளர்ந்தாள், பெண்ணாகவே இருக்கிறாள். இதைத் திருநங்கையர் வாழ்வோடு குழப்பிப் பேசுவதும் நம்மூரில் சகஜம். தன்னை ஒருவர் எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பது வேறு. சுரப்பி கருவிலேயே எப்படி உருவானது என்பது வேறு.

கட்டி எங்கே தொடங்குகிறது

வயல் பண்படவில்லை, விதைகள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலானவை மடிந்துபோகும். டர்னர் நோய்க்குறியில் இதுவே நடக்கிறது. தொடக்கத்தில் இனச்செல்கள் இருக்கின்றன. ஆனால் கருவிலிருக்கும்போதும் பிறந்த பிறகும் மிக வேகமாக அழிந்துவிடுகின்றன. விதையே இல்லாத நிலத்தில் இந்த வகைக் கட்டி முளைப்பதற்கு வழியில்லை.

ஒய் குரோமோசோம் உள்ள, பண்படாத சுரப்பியில் சில விதைகள் பிழைத்துக்கொள்கின்றன. அவற்றை முதிரவைக்க யாரும் இல்லை. ஆக்ட்-4 அணைய வேண்டிய காலத்தில் அணையவில்லை. மாதங்கள் போய், ஆண்டுகள் போயும் அவை கருவில் வந்திறங்கிய அதே இளம் நிலையில், பெருகும் ஆற்றலோடு உட்கார்ந்திருக்கின்றன. இங்கேதான் ஒய் குரோமோசோமின் இன்னொரு பகுதி வேலை செய்கிறது. சுரப்பிக் கட்டியைத் தூண்டும் பகுதி ஒன்று ஒய்யில் இருக்க வேண்டும் என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பேஜ் முன்வைத்தார். அந்தப் பகுதியில் உள்ள டிஎஸ்பிஒய் என்ற மரபணு முதன்மையான சந்தேகத்துக்கு உரியது. முறையான விரையில் இனச்செல் பெருக உதவுவது இதன் வேலை. முதிராத செல்லில் அதே வேலை எல்லை மீறிப்போகிறது. விளைந்த பயிருக்கு உரமாவது களைக்கும் உரமாவதுபோல.

விதை, வயல் என்ற உவமை இந்த இடத்தோடு தீர்ந்துவிடுகிறது. நெல்விதை முளைத்தால் நெல்தான் வரும். எதுவாகவும் மாறக்கூடிய ஆற்றலோடு தேங்கி நிற்கும் செல் அப்படி நடந்துகொள்ளாது.

தேங்கிய செல்கள் கூட்டமாகப் பெருகும்போது உருவாகும் முதல் கட்டிக்கு கோனடோபிளாஸ்டோமா என்று பெயர். 1953-இல் ராபர்ட் ஸ்கல்லி என்ற நோய்க்கூறியல் மருத்துவர் வைத்த பெயர் இது. நுண்ணோக்கியில் பார்த்தால் மறக்க முடியாத காட்சி. சிறுசிறு வட்டக் கூடுகள். கூட்டுக்குள் பெரிய, வெளிறிய இனச்செல்கள். அவற்றைச் சுற்றிலும் இடையிலும் செர்டோலியைப் போன்ற சிறிய, கருத்த செல்கள். நடுநடுவே கண்ணாடி போன்ற உருண்டைகள். சில இடங்களில் சுண்ணாம்பு படிந்து மணல்போல இறுகியிருக்கும். கட்டவேண்டிய வீட்டை அந்தச் சிறு செல்கள் கடைசிவரை கட்ட முயன்றதுபோல இருக்கும்.

கோனடோபிளாஸ்டோமா கூட்டைவிட்டு வெளியேறாது. உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. அந்த நிலையில் எடுத்துவிட்டால் வேறு சிகிச்சை தேவையில்லை. ஆனால் அது நிலையான கட்டி இல்லை. ஏறக்குறைய பாதியளவு கோனடோபிளாஸ்டோமாக்களில் உள்ளிருக்கும் இனச்செல்கள் வேலியை உடைத்துக்கொண்டு வளர்ந்துவிடுவதைக் காண்கிறார்கள். அப்போது அது உண்மையான புற்றுநோய். அதன் பெயர் டிஸ்ஜெர்மினோமா.

சுரப்பி அரைகுறையாகவாவது விரையைப்போல உருவாகியிருந்தால் பாதை சற்று மாறுகிறது. முதிராத செல்கள் விரைக் குழாய்களின் ஓரத்தில் பதுங்கியிருக்கும். டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கேபேக் 1972-இல் இந்தப் பதுங்கு நிலையை விவரித்தார். இது பின்னாளில் செமினோமா என்ற விரைப் புற்றுநோயாகலாம். செமினோமாவும் டிஸ்ஜெர்மினோமாவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். இருக்குமிடத்தை வைத்துப் பெயர் மாறுகிறது, அவ்வளவே.

ஆக, கட்டிக்கு மூன்று சேர வேண்டும்: பிழைத்திருக்கும் இனச்செல், அதை முதிரவைக்க இயலாத சுரப்பி, ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அபாயம் வெகுவாக இறங்கிவிடுகிறது.

எண்கள் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன

2005-இல் சிகாகோவில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசி, 2006-இல் ஒரு பொது வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். அதுவரை கிடைத்த ஆய்வுகளை வைத்து, யாருக்கு எவ்வளவு அபாயம் என்று அதில் அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணையின் சில வரிகளைத்தான் இணையம் துண்டு துண்டாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஒய் குரோமோசோம் உள்ள, வளர்ச்சி பிசகிய சுரப்பி வயிற்றுக்குள் இருந்தால்: 15 முதல் 35 சதவீதம். ஸ்வையர் நோய்க்குறி இதில் அடங்கும். இது உயர்ந்த அபாயம்.

டர்னர் நோய்க்குறியில் ஒய் இல்லாவிட்டால் சுமார் 1 சதவீதம். ஒய்யின் ஒரு துண்டாவது சில செல்களில் இருந்தால் சுமார் 12 சதவீதம். டர்னர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இப்படி ஒய் துண்டு காணப்படுவதால்தான் அதைத் தேடிப் பார்க்கச் சொல்கிறார்கள். டர்னர் என்ற பெயரைக் கேட்டதுமே அஞ்ச வேண்டியதில்லை. ஒய் துண்டு இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு விடை வேண்டும்.

அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். மிகுதியான குழப்பம் இங்கேதான். ஆண்ட்ரோஜன் ஏற்காமை என்றொரு நிலை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களுக்குப் பொதுப்பெயர்தான் ஆண்ட்ரோஜன். அதிலும் குரோமோசோம் 46 எக்ஸ்ஒய், அதிலும் பெண்ணுடல், அதிலும் மாதவிடாய் வராது. ஆனால் இவர்களுடைய சுரப்பி பிசகியதில்லை. முறையான விரை உருவாகி, வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவும் செய்கிறது. உடல் செல்களில்தான் அந்த ஹார்மோனை ஏற்கும் வாயில் சரியாகத் திறப்பதில்லை. அந்த வாயில் முழுவதும் அடைபட்டிருப்பவர்களுக்கு அட்டவணை சொல்லும் அபாயம் சுமார் 2 சதவீதம். பருவ வயதுக்கு முன் கட்டி வருவது மிக அரிது. வயது ஏற ஏற அபாயம் கூடுகிறது. வயது வந்தவர்களில் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. வாயில் பாதி திறந்திருந்து, சுரப்பியும் விரைப்பைக்கு இறங்காமல் இருந்தால் 50 சதவீதம் என்கிறது அதே அட்டவணை. அந்த எண் மிகச் சிலரைப் பார்த்துப் போட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எனவே "46 எக்ஸ்ஒய், மாதவிடாய் இல்லை" என்ற ஒரே அறிக்கை 2 சதவீதக்காரரையும் 35 சதவீதக்காரரையும் குறிக்கலாம். இருவரையும் பிரித்துக் காட்டும் எளிய அடையாளங்களில் ஒன்று கருப்பை. ஸ்வையரில் விரை இல்லை; தடுக்கும் ஹார்மோன் இல்லை; கருப்பை உண்டு. ஆண்ட்ரோஜன் ஏற்காமையில் விரை உண்டு, தடுக்கும் ஹார்மோன் உண்டு, கருப்பை இல்லை. தங்கை படித்த அறிக்கையின் முதல் வரியிலேயே பாதி விடை இருந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விரைத் திசுவும் சினைப்பைத் திசுவும் ஒரே உடலில் அமைந்தவர்களுக்கு அபாயம் சுமார் 3 சதவீதம். டபிள்யூடி-1 என்ற மரபணுப் பழுதால் சுரப்பியோடு சிறுநீரகமும் பாதிக்கப்படும் அரிய நிலைகளில் மிக அதிகம். சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறால் பிறப்புறுப்பு வேறாகத் தோன்றும் 46 எக்ஸ்எக்ஸ் பெண் குழந்தைகளுக்குச் சினைப்பைகள் முறையாகவே இருக்கும். இந்தக் கட்டுரையின் அச்சம் அவர்களுக்குப் பொருந்தாது.

விரை இறங்காத ஆண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு மாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு விரை கீழே இறங்கியிருக்காது. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். இவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே பேசுகிற அளவு ஆழமான பிசகு கிடையாது. ஆனாலும் அபாயம் சற்றுக் கூடுதல்தான். ஸ்வீடனில் அறுவை செய்துகொண்ட சுமார் 17,000 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, 13 வயதுக்கு முன் இறக்கி வைத்தவர்களுக்கு மற்ற ஆண்களைவிட 2.23 மடங்கும், அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு 5.4 மடங்கும் அபாயம் என்று கண்டது. விரைப் புற்றுநோயே அரிதானது என்பதால் இந்த மடங்குகளைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது என்பதே இன்றைய வழக்கம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாமே?

தங்கையின் கணவர் கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வி. விரைப்பைக்குள் இருக்கும் சுரப்பிக்கு இது பொருந்தும். கையால் தடவிப் பார்க்கலாம், அல்ட்ராசவுண்டு எடுக்கலாம், தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். அரைகுறைப் பிசகோடு ஆணாக வளரும் பிள்ளைகளுக்குச் சுரப்பியை விரைப்பைக்கு இறக்கி வைத்துக் கண்காணிப்பது இதற்காகத்தான்.

வயிற்றுக்குள் கிடக்கும் நூல்பட்டையின் கதை வேறு. அதுவே பல நேரம் ஸ்கேனில் தெரிவதில்லை. அதற்குள் சில மில்லிமீட்டர் அளவில் தொடங்கும் கோனடோபிளாஸ்டோமா எப்படித் தெரியும்? எம்ஆர்ஐ-யும் இங்கே கைகொடுப்பதில்லை. ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் கட்டி வளர்ந்த பிறகு உதவும். ஆனால் அவை சரியாக இருப்பதை வைத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

துணுக்குச் சோதனைக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆக்ட்-4 இன்னும் அணையாத செல்களைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையில், வெறுமனே தாமதமாக முதிரும் செல்லும் அப்படியே காட்சி தரலாம். அதனால் கைக்குழந்தையின் துணுக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு செய்தி. கோனடோபிளாஸ்டோமா சில நேரம் ஹார்மோன் சுரக்கும். ஸ்வையர் உள்ள பெண்ணுக்கு எதிர்பாராமல் மார்பு வளர்ந்தாலோ முகத்தில் முடி கூடினாலோ, "அப்பாடா, தானாகவே சரியாகிறது" என்று மகிழ்ந்து விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடுப்பதா, விடுவதா: தராசின் இரண்டு தட்டுகள்

பேச்செல்லாம் அபாயத்தைப் பற்றியே நடக்கிறது. தராசின் இன்னொரு தட்டில், அந்தச் சுரப்பி உடலுக்கு என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்வையரில் கோட்டுச் சுரப்பி எதையும் கொடுப்பதில்லை. ஹார்மோனும் இல்லை, கருமுட்டையும் இல்லை. அபாயமோ அதிகம், கண்காணிக்கவும் வழியில்லை. ஆகவே கண்டறிந்ததும் இரண்டு பக்கமும் எடுத்துவிடுவதே பொதுவான பரிந்துரை. வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். கருப்பையை விட்டுவைக்கிறார்கள்.

ஆண்ட்ரோஜன் முழுதும் ஏற்காத பெண்ணில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அவளுடைய விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி, இயல்பாக மார்பு வளர வைக்கிறது. எலும்புக்கு உறுதி தருகிறது. அபாயம் குறைவு, பயன் அதிகம். குழந்தையிலேயே எடுத்துவிட்டால் பருவமடைவதையே மாத்திரைக்கு ஒப்படைத்ததாகும். பருவம் முடிந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்று இன்று பல மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். எடுக்க வேண்டாம் என்று அவள் முடிவு செய்தால், கண்காணிப்பின் எல்லைகளைச் சொல்லித் தொடர்கிறார்கள். முன்பு இப்படி இல்லை. புற்றுநோய் என்ற ஒரு சொல்லைச் சொல்லி, காரணம்கூடச் சொல்லாமல் பல பெண்களின் சுரப்பிகள் அகற்றப்பட்டன. "சினைப்பையில் கட்டி இருந்தது" என்று பொய்யும் சொன்னார்கள். உண்மை தெரிந்தபின் அவர்கள் மருத்துவத்தின் மீதே நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்களுக்கு, பாலினத்தைத் திருத்தும் அறுவை செய்வதைத் தடுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலைமை தவிர்த்து அத்தகைய அறுவைகளுக்குத் தடை விதித்து மாநில அரசு ஆணை வெளியிட்டது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. அந்த ஆணையை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். குழந்தையின் உறுப்பு ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்காகக் கத்தி எடுப்பது கொடுமை. ஆனால் பிறப்புறுப்பின் தோற்றத்தை மாற்றுவதும், கட்டி வரும் சுரப்பியை எடுப்பதும் இரண்டு வேறு கேள்விகள். புற்றுநோயைக் காரணம் காட்டி முதலாவதைச் செய்வதும் தவறு. முதலாவதன் மீதான கோபத்தில் இரண்டாவதைத் தள்ளிப்போடுவதும் தவறு.

மருத்துவரிடம் என்ன கேட்பது

தங்கைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நிலையின் சரியான பெயர் என்ன? ஒய் குரோமோசோமோ அதன் துண்டோ இருக்கிறதா? சுரப்பி எங்கே இருக்கிறது, வயிற்றிலா, தொடையிடுக்கிலா, விரைப்பையிலா? அது ஹார்மோன் சுரக்கிறதா? காத்திருந்தால் எதை இழக்கலாம், எடுத்தால் எதை இழப்போம்? எடுத்தபின் நோய்க்கூறியல் அறிக்கையின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா? 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்ணையும், 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைத் தாளின் அடியில், அவளுடைய அக்கம்பக்கத்தாருக்காகச் சேர்த்து எழுதினேன்.

புற்றுநோயாகவே மாறியிருந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொன்னேன். டிஸ்ஜெர்மினோமா மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆரம்ப நிலையில் கண்டறிந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அறுவை முடிந்து பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. வலப்பக்கம் வெறும் நார்த்திசு. இடப்பக்கம் 4 மில்லிமீட்டரில் கோனடோபிளாஸ்டோமா; கூட்டைவிட்டு வெளியேறவில்லை. வேறு சிகிச்சை தேவையில்லை என்று எழுதியிருந்தது. குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் மெல்லக் கூட்டி, பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு பெண் ஹார்மோனும் சேர்ப்பார்கள். அப்போது மாதவிடாய் வரும்.

மகளிடம் எவ்வளவு சொல்வது என்று தங்கை தயங்கிக்கொண்டிருந்தாள். மகளோ எல்லாக் காகிதத்தையும் ஏற்கெனவே படித்திருந்தாள். மருத்துவர் அறையில் அம்மா அழுதுகொண்டிருக்க, அவள் நேராக ஒன்றைத்தான் கேட்டாளாம்.

"கருப்பையை எடுக்கவில்லைதானே, டாக்டர்?"

"எடுக்கவில்லை. தானமாகப் பெறும் கருமுட்டையை வைத்து, நீ விரும்பினால் பின்னாளில் பிள்ளை பெறலாம். உன்னைப் போன்றவர்கள் பெற்றிருக்கிறார்கள்."

"சரி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.